ஜனவரிக் காலையிலும் ஸ்டார்ட் ஆன கார்: போர்ஷே 911 கதை

ஸ்போர்ட்ஸ் கார்னு சொன்னாலே முதல்ல வர்ற கேள்வி, "எவ்வளவு வேகம் போகும்?" இந்த எபிசோட்ல நாம வேற கேள்வி கேட்கப் போறோம்.

ஜெர்மனி. ஜனவரி மாசம். காலை ஏழு மணி. ராத்திரி முழுக்கப் பனி கொட்டியிருக்கு. ரோட்டுல ஐஸ் உருகறதுக்காக உப்பு தூவியிருக்காங்க. எட்டரைக்கு ஆஃபீஸ்ல இருக்கணும். வாசல்ல நிக்கிற ஸ்போர்ட்ஸ் கார் ஸ்டார்ட் ஆகுமா? ஸ்டார்ட் ஆனாலும் தெருமுனை மேட்டுல ஏறுமா? இப்படியே அஞ்சு குளிர்காலம் ஓட்டினா, கதவுக்குக் கீழே இரும்பு மிச்சம் இருக்குமா?

ரொம்ப காலத்துக்கு இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் "இல்லை"தான். 1950-களின் பிரிட்டிஷ் ரோட்ஸ்டர்களை எடுத்துக்கோங்க. துணிக்கூரை, மழை வந்தா உள்ளே ஒழுகும். அதை வெச்சிருந்தவங்க வெயில் காலத்துக்கு ஒரு கார், மத்த நாளுக்கு ஒரு கார்னு ரெண்டு வெச்சிருந்தாங்க. ஜெர்மனியில் இதுக்கு சட்டத்திலேயே ஓர் இடம் உண்டு. 1997 முதல் அங்கே "சீசன் நம்பர் பிளேட்" கொடுக்கிறார்கள். பிளேட்டின் வலது ஓரத்தில் ரெண்டு எண்கள் இருக்கும். மேலே 04, கீழே 10 என்றிருந்தால், ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் அந்த வண்டி ரோட்டில் வரலாம். வரியும் அந்த மாதங்களுக்கு மட்டும்தான். மத்த மாசமெல்லாம் வண்டி ஷெட்டுல தூங்கும்.

அதாவது ஸ்போர்ட்ஸ் கார்னா அது பருவகாலப் பொருள். இந்த எண்ணத்தை அதிக காலம் எதிர்த்து நின்ற கார் ஒன்று உண்டு. போர்ஷே 911. அது எப்படி தினசரி கார் ஆச்சு, அந்தக் குணமே எப்படி அதைச் சாவிலிருந்து காப்பாத்துச்சு, அதுதான் இன்றைய கதை.

மரம் அறுக்கும் ஆலையில் ஆரம்பம்

1944. ஸ்டுட்கார்ட் நகரத்தின் மீது குண்டு விழுந்துகொண்டிருந்தது. போர்ஷே நிறுவனம் தன் வடிவமைப்பு வேலைகளை ஆஸ்திரியாவில் க்முண்ட் என்ற சின்ன ஊருக்கு மாற்றியது. அங்கே ஒரு பழைய மரம் அறுக்கும் ஆலைதான் பட்டறை.

நிறுவனர் ஃபெர்டினாண்ட் போர்ஷேவைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் தாண்ட முடியாது. அவர் வடிவமைத்த பீட்டில், ஹிட்லர் ஆட்சியின் "மக்கள் கார்" திட்டத்தில் பிறந்தது. போர் முடிந்ததும் பிரான்ஸில் அவரைச் சிறையில் வைத்தார்கள். 1947-இல்தான் வெளியே வந்தார். 1948-இல் போர்ஷே என்ற பெயரில் முதல் கார் வந்தபோது, வேலையை முன்நின்று நடத்தியவர் அவருடைய மகன் ஃபெர்ரி போர்ஷே. அந்தக் காரின் பெயர் 356.

போர் முடிந்த காலம். கையில் பணமும் இல்லை, பாகங்களும் இல்லை. கிடைத்தது பீட்டிலின் பாகங்கள். அதனால் பீட்டிலின் இரண்டு குணங்கள் 356-க்கும் வந்தன. ஒன்று, எஞ்சினைக் குளிர்விக்க தண்ணீர் கிடையாது, காற்றுதான். ரெண்டு, எஞ்சின் பின்பக்கம்.

இது ரெண்டும் வேகத்துக்காக எடுத்த முடிவு இல்லீங்க. குறைந்த செலவில், எந்தக் காலநிலையிலும், சாதாரணக் குடும்பம் ஓட்டக்கூடிய காருக்காக எடுத்த முடிவு. தண்ணீரே இல்லைன்னா உறைய என்ன இருக்கு? ரேடியேட்டர் இல்லை, அதனால ரேடியேட்டர் வெடிக்கவும் செய்யாது. பின்சக்கரம்தான் வண்டியைத் தள்ளுது. எஞ்சினோட கனம் அந்தச் சக்கரத்து மேலேயே உட்கார்ந்திருக்கு. பனியில சக்கரம் சும்மா சுத்தாம ரோட்டைப் பிடிக்கும்.

போர்ஷே தன் ஸ்போர்ட்ஸ் காரை ஏழை வீட்டுச் சமையலறையில் கிடைத்த பொருளை வைத்துச் சமைத்தது. தினசரி ஓட்டும் குணம் அந்தப் பொருளிலேயே இருந்தது.

பின்பாரம் கொடுத்தது, பின்பாரம் எடுத்தது

1963 செப்டம்பர், ஃபிராங்க்ஃபர்ட் மோட்டார் ஷோ. 356-க்கு அடுத்த கார் மேடைக்கு வந்தது. வடிவமைத்தவர் ஃபெர்ரியின் மகன், ஃபெர்டினாண்ட் அலெக்ஸாண்டர் போர்ஷே. முதலில் வைத்த பெயர் 901. நடுவில் பூஜ்யம் வரும் மூன்று இலக்கப் பெயர்கள் பிரான்ஸில் எங்களுக்கு உரியவை என்று பியூஜோ ஆட்சேபித்தது. 901 என்பது 911 ஆனது.

ரெண்டு லிட்டர், ஆறு சிலிண்டர், 130 குதிரைசக்தி. இதெல்லாம் பேப்பரில் எழுதுற விஷயம். தினசரி வாழ்க்கைக்கு முக்கியமானது வேற. பின்னாடி ரெண்டு குட்டி சீட். பெரியவங்க உட்கார முடியாது. ஆனா ஸ்கூல் பசங்களை உட்கார வைக்கலாம், இல்லைன்னா சீட்டை மடிச்சு பை வைக்கலாம். முன்பக்கம் டிக்கி. உயரமான கண்ணாடி, அதனால நாலு பக்கமும் ரோடு தெரியும். வண்டியோட அகலமும் குறைவு, சந்துல பார்க்கிங் போடலாம்.

ஆனா ஒரு பெரிய வில்லங்கம் இருந்தது. காரின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் பின்பக்கம். பனி மேட்டில் வண்டியை மேலே ஏற்றிய அதே பாரம், ஈரமான வளைவில் வேறு வேலை பார்த்தது. வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால், எடை முன்னால் சாயும். பின்சக்கரங்களின் பிடி குறையும். பின்பக்கம், கயிற்றில் கட்டிச் சுழற்றிய கல் மாதிரி வெளியே வீசும். ஓட்டுபவர் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். வண்டி வந்த வழியைப் பார்த்து நிற்கும்.

இதுக்கு ஆரம்பத்தில் போர்ஷே கண்டுபிடித்த வைத்தியத்தைக் கேட்டா சிரிப்பீங்க. முன் பம்பரின் ரெண்டு ஓரத்திலும் 11 கிலோ வார்ப்பிரும்பு. அவ்வளவுதான். முன்பக்கம் கனமாகட்டும் என்று இரும்பைக் கட்டி அனுப்பினார்கள். சரியான வைத்தியம் 1969 மாடலில் வந்தது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரத்தை 57 மில்லிமீட்டர் கூட்டினார்கள். ஒரே பேட்டரிக்குப் பதிலா ரெண்டு சின்ன பேட்டரிகளை முன் மூலைக்கு ஒன்றாக வைத்தார்கள். வெறும் இரும்பு செய்த வேலையை உபயோகமான பொருள் செய்தது.

தினசரி கார் என்பதற்கு இதுவும் ஓர் இலக்கணம். ரேஸ் டிரைவர் சமாளிச்சுப்பார்னு விட முடியாது. ஓட்டப்போறவர் டாக்டராவோ வக்கீலாவோ இருப்பார், ராத்திரி டியூட்டி முடிச்சுத் தூக்கக் கலக்கத்துல வருவார். அவரும் உயிரோட வீடு போய்ச் சேரணும்.

இதுக்கு நடுவில், பனியில் 911 என்ன செய்யும் என்பதை உலகம் பார்த்துவிட்டது. மான்டே கார்லோ ராலி ஜனவரியில், ஆல்ப்ஸ் மலைப்பாதைகளில் நடக்கும். 1965-இல் கடும் பனிப்புயல். போட்டியில் இறங்கிய வண்டிகளில் பெரும்பாலானவை முடிக்கவே இல்லை. வென்றது சின்னஞ்சிறு மினி கூப்பர். ஐந்தாவது இடத்தில் வந்தது புத்தம்புது 911. ஓட்டிப் போனவர்கள் ஹெர்பர்ட் லிங்கே, பீட்டர் ஃபால்க். ரெண்டு பேருமே போர்ஷேயின் சொந்த ஊழியர்கள். 1968-இல் விக் எல்ஃபோர்ட் 911-இல் ராலியையே வென்றார். 1969, 1970 இரண்டு வருஷமும் ஸ்வீடனின் பியோர்ன் வால்டெகார்ட். மூன்று ஜனவரி, மூன்று வெற்றி.

உப்பு என்ற எதிரி

வண்டி ஸ்டார்ட் ஆச்சு, மேடும் ஏறிடுச்சு. இன்னும் ஒரு எதிரி பாக்கி. உப்பு.

ரோட்டு உப்பு தண்ணியில கரைஞ்சு வண்டியின் அடிப்பகுதியில் தெறிக்கும். இடுக்குகளில் தங்கும். இரும்பைத் தின்னும். 1960-களின் ஐரோப்பிய கார்கள் பல, பத்து வருஷத்துக்குள் துருப்பிடித்து ஓட்டையாகின. ஆரம்ப கால 911-களுக்கும் அதே கதிதான். எஞ்சின் நன்றாக ஓடும், அதைத் தாங்கும் உடம்பு உதிர்ந்துபோகும்.

1967-இல் போர்ஷே ஒரு சோதனை செய்தது. முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில், அதாங்க நம்ம எவர்சில்வர், சில 911-கள். துரு பிடிக்கவில்லை. ஆனால் அந்த உலோகத்தை அடித்து வளைப்பது கஷ்டம், செலவும் கட்டுப்படி ஆகவில்லை. திட்டம் அங்கேயே நின்றது. அதில் ஒரு கார் மியூனிக்கின் ஜெர்மன் அருங்காட்சியகத்துக்குப் போனது.

1973-இல் இன்னொரு விசித்திரமான காரியம். அந்த வருஷ ஃபிராங்க்ஃபர்ட் ஷோவில் எல்லா கம்பெனியும் புது மாடல் காட்ட, போர்ஷே ஓர் ஆராய்ச்சி காரைக் கொண்டுவந்து வைத்தது. 20 வருஷம் அல்லது 3 லட்சம் கிலோமீட்டர் உழைக்கும் கார் எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் அந்த ஆராய்ச்சி. அடுத்த சில வாரங்களில் பெட்ரோல் நெருக்கடி வந்தது. மேற்கு ஜெர்மனியில் நவம்பர், டிசம்பரில் நாலு ஞாயிற்றுக்கிழமைகள் தனியார் கார்களை ஓட்டவே தடை. ஆட்டோபானில் மக்கள் நடந்துபோனார்கள், சைக்கிள் விட்டார்கள். ஸ்போர்ட்ஸ் கார் எதுக்கு என்று எல்லோரும் கேட்ட நேரம் அது.

போர்ஷே சொன்ன பதில்களில் ஒன்று 1976 மாடலில் வந்தது. உடம்பின் எஃகுத் தகட்டுக்கு இரண்டு பக்கமும் துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு, எஃகைக் காப்பாற்றும். துருவுக்கு எதிராக 6 வருஷ உத்தரவாதமும் கொடுத்தார்கள். ஷோரூமில் பார்த்தால் கண்ணுக்கே தெரியாத மாற்றம். வேகத்தில் ஒரு கிலோமீட்டர்கூட கூடவில்லை. ஆனா 911-ன் வரலாற்றில் புது எஞ்சினுக்குச் சமமான மாற்றம் இது. குளிர்காலத்திலும் வண்டியை வெளியே எடுக்கலாம், மனசு உறுத்தாது.

சுவரைத் தாண்டிய கோடு

இவ்வளவு நல்ல காரை அதன் சொந்த வீட்டிலேயே கொல்லப் பார்த்தார்கள்.

1970-களில் போர்ஷேயின் தலைவர் எர்ன்ஸ்ட் ஃபூர்மன். அவர் கணக்கில் 911-க்கு வயதாகிவிட்டது. சத்தம் அதிகம். ஹீட்டர் படுமோசம். தண்ணீர் இல்லாத எஞ்சினில் சுடுதண்ணீர் ஹீட்டர் கிடையாது. சைலன்சர் குழாய்ச் சூட்டில் காற்றைச் சுடவைத்து உள்ளே அனுப்பணும். எஞ்சின் ஓட்டத்துக்கு ஏற்ப சூடு ஏறும், இறங்கும். எங்காவது ஆயில் கசிந்தால் அந்த நாற்றமும் சேர்ந்து உள்ளே வரும். அமெரிக்காவில் புகை விதிகள் வேறு இறுகிக்கொண்டே வந்தன.

அதற்கு மாற்றாக 1977-இல் வந்தது 928. முன்பக்கம் வி8 எஞ்சின், தண்ணீர்க் குளிர்ச்சி, சொகுசு. 1978-இன் ஐரோப்பிய சிறந்த கார் விருதும் வாங்கியது. பேப்பரில் பார்த்தால் தினசரி ஓட்ட 911-ஐவிட நல்ல கார் அதுதான். ஆனால் அது பெரியது, கனமானது, விலை அதிகம். 911-ஐக் கேட்டு வந்தவர்கள் 928-ஐ வாங்கிப் போகவில்லை.

1981 ஜனவரியில் பீட்டர் ஷுட்ஸ் தலைவராக வந்தார். பெர்லினில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பிய யூதக் குடும்பத்தோடு சிறுவனாக அமெரிக்கா போய், அங்கே எஞ்சினியரானவர். அவரே பிற்பாடு பலமுறை சொன்ன சம்பவம் இது. ஆராய்ச்சி, மேம்பாட்டுத் தலைவர் ஹெல்முத் போட் அறைச் சுவரில் ஒரு வரைபடம். எந்த மாடல் எத்தனை வருஷம் என்று காட்டும் கோடுகள். 928-இன் கோடு நீண்டு போகிறது. 911-இன் கோடு 1981-லேயே நிற்கிறது. ஷுட்ஸ் ஒரு மார்க்கரை எடுத்தார். 911-இன் கோட்டை இழுத்தார். காகிதம் முடிந்தது, சுவரில் இழுத்தார், சுவரும் முடிந்தது, கதவுக்கு வெளியே வரை இழுத்தார். புரிஞ்சுதா என்று கேட்டார். போட்டுக்குப் புரிந்தது.

நல்ல சினிமா காட்சிதான். ஆனா மார்க்கர் கோட்டால் மட்டும் ஒரு கார் பிழைக்காது. பழைய குறைகளைச் சரிசெய்தாகணும். போட் தலைமையில் அந்த வேலை நடந்தது. 911-க்கு நாலு சக்கரத்துக்கும் சக்தி கொடுத்துப் பார்த்தார்கள். 1984-இல் அப்படிப்பட்ட ஒரு கார் பாரிஸ்–டக்கார் பாலைவனப் போட்டியையே வென்றது. 1989 மாடலாக கரேரா 4 கடைக்கு வந்தது. நாலு சக்கர டிரைவ், பவர் ஸ்டீயரிங், ஏபிஎஸ் பிரேக். பார்க்க அதே பழைய உருவம். உள்ளே ஏறத்தாழ 85 சதவீதம் புதிது.

ஜப்பான் கேட்ட கேள்வி

சரி, 911-க்கு இது கைவந்தது. அதைவிடப் பெரிய கார்கள்? ஃபெராரி மாதிரி, எஞ்சினை நடுவில் வைத்த கார்கள்? அந்த உலகத்தில் "அழகுக்குக் கஷ்டம் கூலி" என்ற எண்ணம்தான். சூடான கேபின், இறுக்கமான கிளட்ச், பின்னால் ஒன்றும் தெரியாது. ஃபெராரி 348-இல் டைமிங் பெல்ட் மாற்ற எஞ்சினையே கீழே இறக்கணும். வாங்குறவங்களும் அதைப் பெருமையா சொல்லிக்கிட்டாங்க.

1989 பிப்ரவரி, சிகாகோ ஆட்டோ ஷோ. ஹோண்டா என்எஸ்எக்ஸ் என்ற காரைக் காட்டியது. பொறுப்பெடுத்தவர் ஷிகெரு உவேஹாரா. உடம்பு முழுக்க அலுமினியம். வி6 எஞ்சின் 8,000 சுற்று வரை போகும். கூரையைத் தாங்கும் தூண்கள் மெலிசு. போர் விமானத்தின் பைலட் அறை மாதிரி நாலா பக்கமும் தெரியணும் என்று வரைந்தார்கள். ஏசி ஒழுங்கா வேலை செய்யும். பின்னாடி கோல்ஃப் பை வைக்க டிக்கி. ஃபார்முலா 1 சாம்பியன் அயர்டன் சென்னா சுசுகா டிராக்கில் ஓட்டிப் பார்த்து, உடம்பு கொஞ்சம் பலவீனமாகத் தெரிகிறது என்றார். ஹோண்டா மறுபடி உட்கார்ந்து விறைப்பை 50 சதவீதம் கூட்டியது.

விமர்சகர்கள் சிலர் சொன்ன குறை என்ன தெரியுமா? ரொம்ப சுலபமா இருக்கு. ஆன்மா இல்லை. கஷ்டப்படுத்தாத கார் சூப்பர் காரா? விற்பனையும் பெரிதாக இல்லை. 2005 வரை 15 வருஷத்தில் ஏறத்தாழ 18,000 கார்கள்தான். ஆனால் மெக்லாரன் எஃப்1-ஐ வடிவமைத்த கார்டன் மர்ரி, அன்றைக்கு உலகின் மிக வேகமான காரை உருவாக்கியவர், பல வருஷம் சொந்தமாக ஒரு என்எஸ்எக்ஸ் வைத்து ஓட்டினார். தன் காரின் சவாரிக்கும் கையாளுதலுக்கும் அதைத்தான் அளவுகோலாக வைத்ததாக வெளிப்படையாகச் சொன்னார். அதுக்குப் பிறகு வந்த ஃபெராரிகளைப் பாருங்க. ஏசி குளிரும், பின்பக்கம் தெரியும், டிராஃபிக்கில் கால் வலிக்காது.

மறுபடி ஷெட்டுக்குள்ளே

1990-களின் ஆரம்பத்தில் போர்ஷே திவாலாகும் நிலைக்கு வந்தது. அதிலிருந்து மீண்டது இன்னொரு கசப்பு மருந்தால். 1997-இல் வந்த 911-இல் காற்றுக் குளிர்ச்சி போய், தண்ணீர் வந்தது. ரசிகர்கள் அழுதார்கள். ஹெட்லைட்டைப் பார்த்து "ஆஃப்பாயில்" என்கிற மாதிரி கேலி செய்தார்கள். ஆனால் ஹீட்டர் முதல்முறையாக உருப்படியாக வேலை செய்தது. புகை குறைந்தது, சத்தம் குறைந்தது. 2017 மே மாதம் பத்து லட்சமாவது 911 தொழிற்சாலையை விட்டு வந்தது.

இப்போ இந்தக் கதையில் ஒரு வேடிக்கை. காற்றுக் குளிர்ச்சி 911-கள் 1998-இல் நின்றுபோனதும், மெல்ல மெல்ல அரும்பொருள் ஆகிவிட்டன. விலை ஏறியது. விலை ஏறியதும் கிலோமீட்டர் குறைவாக ஓடிய வண்டிக்கு மவுசு. அதனால் எடுக்க பயம். துருப்பிடிக்காமல் இருக்க துத்தநாகம் பூசிய வண்டிகள், உப்பே படாத குளிர்பதன அறையில் போர்வைக்குள் நிற்கின்றன. பனியில் ஏறத் தெரிந்த கார், நம்பர் பிளேட்டில் 04, 10 என்று போட்டுக்கொண்டு வசந்தத்துக்குக் காத்திருக்கிறது.

இதில் யாரைக் குறை சொல்ல? பணம் போட்டவர் பாதுகாக்கத்தான் பார்ப்பார். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அந்த விலைக்குக் காரணமே அந்தக் கார் இத்தனை வருஷம் சாகாமல் இருந்தது. சாகாமல் இருந்ததற்குக் காரணம் தினமும் ஓட்டினவர்கள். இரும்பு கட்டி அனுப்பியது, சக்கரத்தைத் தள்ளிவைத்தது, துத்தநாகம் பூசியது, ஹீட்டரைச் சரிசெய்தது, இது ஒவ்வொன்றுமே ஜனவரியில் வண்டியை வெளியே எடுத்தவர்களின் தொல்லைக்குக் கிடைத்த பதில். ஷெட்டில் தூங்கும் காருக்கு ஹீட்டர் வேலை செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன? ஓட்டாத வண்டியில் குறையே தெரியாது. குறை தெரியாத வண்டி திருந்தவும் திருந்தாது.

அதனால அடுத்த தடவை ஜெர்மனியிலேருந்து யாராவது போடுற வீடியோவில், பனிச்சேறு அப்பின, அடியில உப்பு படிஞ்ச ஒரு பழைய 911 ஆஃபீஸ் பார்க்கிங்ல நிக்கிறதைப் பார்த்தா, "ஐயோ, இப்படிப் பாழ் பண்றானே"ன்னு நினைக்காதீங்க. அந்த வண்டியை எதுக்குச் செஞ்சாங்களோ, அந்த வேலையை அது பார்த்துக்கிட்டு இருக்கு.